கப்பலை மூழ்கச் செய்வது எது?

(சிரம்பானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இத்தகைய சொற்பொழிவுகளில் இலக்கியத்தையோ சமயத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவதே நம்மவர் வழக்கமாக இருக்க, பீரங்கியையும் கப்பலையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் எழுதியனுப்பியபோது, இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர் ஒருவர், பால்மரக் காட்டு மக்களுக்கும் கடற்போருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நம் பாட்டன்மாரில் அநேகமாக ஒவ்வொருவரும் கப்பலேறி வந்தவர் என்பது ஒரு விடை. அதனினும் அண்மையிலுள்ள விடையொன்று உண்டு. அதற்கு இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணமே போதும்.

போர்ட்டிக்சனிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்று தெலுக் கெமாங்கைக் கடந்தால், கடலுக்குள் நீண்டு நிற்கும் காடடர்ந்த முனையொன்று தென்படும். சுற்றிலும் நம் நெகிரி செம்பிலான் மாநிலத்து நிலமே சூழ்ந்திருந்தும் ஆட்சிமுறையில் மலாக்காவைச் சேர்ந்ததாகிய அந்த முனையை இன்று தஞ்சோங் துவான் என்கிறோம்; போர்த்துகீசியர் அதனைக் கேப் ராச்சாடோ என்றனர். பள்ளி விடுமுறை நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகள் லாரியேறிச் சென்று குளித்து மகிழும் அக்கடலில்தான், 1606ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 முதல் 18 வரை, ஐரோப்பாவின் இரண்டு கடல் வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதின. கோவாவிலிருந்து போர்த்துகீசிய ராஜப்பிரதிநிதி மார்த்திம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோ என்பவன் ஏறத்தாழ இருபது கலங்களுடன் மலாக்காவை மீட்க வந்தான். ஜொகூர் சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு அந்நகரை மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டிருந்த ஒல்லாந்துத் தளபதி கொர்னெலிஸ் மாட்டலீஃப், தன் பதினொரு கப்பல்களுடன் முற்றுகையை விட்டு அவனை எதிர்கொள்ளப் புறப்பட்டான்.

முதல் நாள் முழுதும் இரு தரப்பும் தொலைவில் நின்று ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். புகை எழுந்தது, பாய்கள் கிழிந்தன, ஆட்கள் மாண்டனர். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. கலங்கள் அழிந்தது 18ஆம் நாள் காலையில், காற்று போர்த்துகீசியருக்குச் சாதகமாகத் திரும்பிய பிறகுதான். அந்த அழிவிலும் பீரங்கி வகித்த பங்கு நாம் எண்ணுவதுபோல் பெரியதன்று. நெருங்கி வந்து கொக்கியிட்டு ஏறிப் போர் செய்வதே போர்த்துகீசியரின் கருத்து. அதைத் தவிர்த்து விலகிச் செல்லுமாறு மாட்டலீஃப் கட்டளையிட, நாசௌ என்னும் ஒல்லாந்துக் கப்பல் தவறான திசையில் திரும்பித் தனித்துப்போயிற்று. சாந்தா குரூஸ் என்னும் கலம் அதனைப் பற்றிக்கொண்டது; ராஜப்பிரதிநிதியின் கப்பலும் வந்து சேர்ந்தது. நாசௌவைக் காக்கத் திரும்பிய மாட்டலீஃபின் சொந்தக் கப்பலாகிய ஒரான்யே, வழியில் தன் தோழமைக் கப்பலாகிய மிட்டல்பர்க் மீதே மோதிச் சிக்கிக்கொண்டது. அவை இரண்டும் பிரிந்துகொள்ளத் தவித்திருந்த வேளையில் சான் சல்வதோர் என்ற போர்த்துகீசியக் கலம் மிட்டல்பர்க்கின் மேல் வந்து இடித்தது. அதற்கு உதவ வந்த தோம் துவார்த்தே டி கெரா என்பவனின் கலமோ, காற்றில் அலைப்புண்டு, எதிர்பாராத இடத்தில் மோதி அதே சிக்கலில் சேர்ந்துகொண்டது. ராஜப்பிரதிநிதி சான் சல்வதோரைக் கயிறு கட்டி இழுத்து மீட்க முயன்று, வேறொரு கலத்தை இழுத்துச் சென்றான் என்று சொல்லும் இடத்தில் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் ஒரான்யே நழுவித் தப்பியது. மிட்டல்பர்க், சான் சல்வதோர், தோம் துவார்த்தேயின் கலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றியவாறே எரிந்து மூழ்கின, நாசௌவும் எரிந்தது. அதிலிருந்தோரில் பலர் படகேறித் தப்பினர்.

ஆக, இரு தரப்பிலும் இரண்டிரண்டு கப்பல்கள் போயின. நான்கும் தீயால் போயின. கலங்கள் ஒட்டி நின்று போரிடுகையில் போர்த்துகீசியர் வெடிமருந்து நிரப்பிய மண்சட்டிகளைத் திரி கொளுத்தி எதிரியின் தளத்தில் எறிவது வழக்கம். கீல் பூசிய பலகையும் தார் ஏறிய கயிறும் உலர்ந்த பாயும் நிறைந்த இடத்தில் அப்படியொரு சட்டி உடைந்தால், முப்பது பீரங்கிகள் ஒரு நாள் முழுதும் செய்யாத வேலையை அரை மணி நேரத்தில் அது செய்துவிடும். நாசௌவின் சிதைவை 1995ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த மென்சன் பவுண்ட் தலைமையில் அகழ்ந்தெடுத்தனர். அதிலிருந்து கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியை நம் லுக்குட் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அங்குள்ள கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த அறையிலும் சற்று நின்று வருமாறு கேட்டுக்கொள்கிறேன். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தார் நானூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு கடற்போரின் சாட்சியத்தைக் கண்ணெதிரே காண இதனினும் அண்மையான இடம் வேறில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். பீரங்கிக் குண்டு கப்பலை மூழ்கடிக்கும் என்பது குழந்தைகளும் அறிந்த செய்தியாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்துப் பீரங்கி வீசியது வெடிக்கும் குண்டன்று. திண்மையான இரும்பு உருண்டை. இருபத்துநான்கு ராத்தல் எடையுள்ள உருண்டை ஏறக்குறைய பதினான்கு சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. அந்த அளவான துளையொன்று நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே சுத்தமாக விழுமாயின், வினாடிக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் தண்ணீர் உள்ளே வரும் என்று கணக்கிடலாம்; அதாவது நிமிடத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல். அப்படி நான்கு துளைகள் விழுந்தால் எந்த நீரிறைக்கும் பொறியும் தாங்காது. கணக்கு சரி, ஆனால் அந்தத் துளை அப்படி விழுவதே இல்லை. முதலாவது, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக விழும் உருண்டை உள்ளே புகாமல் தத்திச் செல்லும். புகுந்தாலும் சில முழத்துக்குள் வேகமிழந்துவிடும். கடல்நீரே கப்பலின் அடிப்பாகத்துக்குக் கவசமாக நிற்கிறது. இரண்டாவது, தேக்கோ ஓக்கோ எதுவாயினும், ஒன்றரை முழத் தடிப்புள்ள மரத்தில் உருண்டை பாய்ந்து சென்ற பின், நார்கள் விரிந்து மீண்டும் துளையை நெருக்கிக்கொள்கின்றன. பால்மரத்தில் வெட்டுக்கோட்டின்மேல் பால் உறைந்து தானே அடைத்துக்கொள்வதை நாள்தோறும் காணும் உங்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, கப்பலின் தச்சனும் அவன் ஆட்களும் மரமுளைகளையும் ஈயத் தகடுகளையும் கொழுப்பில் தோய்த்த சணலையும் கையில் வைத்துக்கொண்டு, போர் நடக்கும் வேளை முழுதும், நீர்மட்டத்தையொட்டிய இருட்டான நடைவழியில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கடற்போர் ஓவியங்களில் அவர்களைக் காண முடியாது. கப்பலைக் காத்தவர்கள் அவர்களே.

இவையன்றி, குறிவைப்பதன் துன்பமும் உண்டு. அலையில் ஆடும் தளத்திலிருந்து நானூறு மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடுகையில், கப்பல் ஒரு பாகை சாய்ந்தாலே குண்டு ஏழு மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ போய்விடும். திரியைத் தொட்டதற்கும் வெடி எழுவதற்கும் இடையே கழியும் சிறு கணத்தில் அந்தச் சாய்வு மாறிவிடுகிறது. ஆகையால்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு பள்ளிகள் தோன்றின. கப்பல் எதிரியை நோக்கித் தாழும்போது சுட்டு அவன் உடற்பகுதியை அடிக்க வேண்டும் என்றனர் ஆங்கிலேயர். மேலெழும்போது சுட்டு அவன் பாய்மரங்களையும் கயிறுகளையும் அறுக்க வேண்டும் என்றனர் பிரெஞ்சுக்காரர். முன்னவர் ஆட்களைக் கொன்றனர், பின்னவர் ஓட்டத்தைக் கெடுத்தனர். கப்பலை மூழ்கச் செய்வோம் என்று உறுதி கூறியவர் இரு பள்ளியிலும் அரியர்.

இதற்கு மிகச் சிறந்த நிரூபணம் வேறெங்கும் இல்லை, நம் முன்னோர் புறப்பட்டு வந்த அதே சோழமண்டலக் கடற்கரையிலும் அதை அடுத்த இலங்கைக் கரையிலும் இருக்கிறது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில் பிராவிடியன் திட்டையருகே, ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே, செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே, மறு ஆண்டு ஜூன் 20ஆம் நாள் கடலூருக்கு முன்னே என ஐந்து முறை பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் முழுப் படையோடு மோதினர். இருவரும் சாமானியர் அல்லர். சூஃப்ரனை அந்நூற்றாண்டின் தலைசிறந்த கடற்படைத் தலைவர்களுள் ஒருவனாக அவனுடைய பகைவர்களே மதித்தனர். இரு தரப்பிலும் மாண்டோரும் காயமுற்றோரும் ஆயிரக்கணக்கில் ஆயினர். எனினும் இந்த ஐந்து போர்களிலும் ஒரு போர்க்கப்பலேனும் குண்டடியால் மூழ்கியதில்லை. கடைசிப் போரான கடலூர்ப் போர் நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானத்தின் முதல் உடன்படிக்கை கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்து சேர்வதற்குள் இரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு நூறு பேர் அநியாயமாக உயிரிழந்தனர்.

அந்தக் கரையில் கப்பல்களை உண்மையில் மூழ்கடித்தது எது என்று கேட்டால், ஐப்பசி மார்கழி மாதத்துப் புயல் என்பதே விடை. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஆங்கிலேயர் குண்டால் இழக்காத கப்பல்களை ஓரிரவுப் புயலில் இழந்தான். 1761ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கடற்படையின்மேல் வீசிய புயலில் தூக் தக்கித்தேன், சன்டர்லாந்து ஆகிய கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. வேறு சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிரெஞ்சுப் பீரங்கிகள் ஓராண்டில் செய்ய இயலாததைக் காற்று ஒரே இரவில் செய்தது. அப்படியும் பதினைந்து நாளில் புதுச்சேரி வீழ்ந்தது என்பது வேறு கதை.

வெடிக்கும் குண்டும் இரும்புக் கவசமும் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீண்ட வாதங்களை நான் விரைந்து கடக்கிறேன்; அவற்றில் பெரும்பகுதி, ஒரு தலைமுறை குண்டைப் பெரிதாக்க அடுத்த தலைமுறை தகட்டைத் தடிப்பாக்கிய வரலாறே. 1905 மே 27 அன்று ட்சூஷிமாக் கடற்போரில் ஓஸ்லியாபியா என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை ஜப்பானியர் குண்டுகளாலேயே மூழ்கடித்தபோது, பீரங்கியின் கட்சி ஒருவாறு வென்றது எனலாம். ஆயினும் அதன் முகப்புப் பகுதியில், நீர்மட்டத்தையொட்டி விழுந்த அடிகளின் வழியே நீர் புகுந்து பரவியதால்தான் அது கவிழ்ந்தது. ட்சூஷிமாவில் தப்பி மணிலாவுக்கு ஓடிய ரஷ்யக் கப்பல்களுள் ஒன்று ஷெம்சுக் எனப் பெயர் கொண்டது. அதன் பெயரை நான் குறிப்பிடுவது, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது நம் பினாங்குத் துறைமுகத்தில் வந்து நின்றதனால்.

எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலை அறியாத தமிழர் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையின்மேல் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டு எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியதைப் பாட்டிமார் கதையாகச் சொல்லி வந்தனர். அக்டோபர் 28 விடியற்காலையில், பொய்யானதொரு நான்காம் புகைப்போக்கியைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த அக்கப்பல், முந்நூறு நானூறு மீட்டர் தொலைவில் நின்ற ஷெம்சுக்கின்மேல் டார்பிடோ விட்டது. பிறகு பீரங்கிகளால் அடித்தது. பிறகு திரும்பி வந்து இரண்டாவது டார்பிடோவை விட, ஷெம்சுக் வெடித்து இரண்டாகி மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அவர்களுள் சிலரின் கல்லறையைப் பினாங்கு வெஸ்டர்ன் சாலை இடுகாட்டில் காணலாம். இங்கு மூழ்கச் செய்தது பீரங்கியா டார்பிடோவா என்று வாதிடுவோர் உளர். நான் கேட்க விரும்புவது வேறு. ஷெம்சுக்கின் தலைவன் அன்றிரவு கரையில் தங்கியிருந்தான். குண்டுகளில் பெரும்பகுதி பூட்டிய அறையில் இருந்தன. காவல் மிகக் குறைவு. முதல் டார்பிடோ விழுந்த பிறகு ஷெம்சுக் உடனே மூழ்கிவிடவில்லை. அந்த இடைவேளையில் ஏதேனும் செய்வதற்கு ஆயத்தமாக அங்கு எவரும் இல்லை.

அதே எம்டன் பன்னிரண்டு நாட்களுக்குப் பின், நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அகப்பட்டது. சிட்னியின் ஆறங்குலப் பீரங்கிகள் 600-க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டன. ஏறத்தாழ நூறு குண்டுகள் எம்டனைத் தாக்கின என்பர். புகைப்போக்கிகள் வீழ்ந்தன, சுக்கான் பழுதாயிற்று, 130-க்கு மேற்பட்ட ஆட்கள் மாண்டனர், கப்பல் முழுதும் எரிந்தது. ஆயினும் எம்டன் மூழ்கவில்லை! அதன் தலைவன் ஃபான் முல்லர் தானே அதனை வட கீலிங் தீவின் பாறைத்திட்டில் ஏற்றி நிறுத்தினான். பல்லாண்டுகள் அங்கேயே கிடந்த அந்த இரும்புக் கூட்டை உடைத்து எடுத்துச் செல்ல அடுத்த போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு டார்பிடோவுக்கு ஷெம்சுக் சாகிறது, நூறு குண்டுக்கு எம்டன் மிதக்கிறது என்னும் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், அடியின் எண்ணிக்கையைக் கொண்டு கலத்தின் ஆயுளைக் கணிக்க மாட்டார். குண்டு மனிதரையும் யந்திரத்தையும் கெடுக்கிறது. கப்பலைக் கொல்வது தீயும் நீரும். அவ்விரண்டும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வழி இருந்ததா இல்லையா என்பதே முடிவை நிர்ணயிக்கிறது. இது என் அபிப்பிராயம். இதற்கு வலுவான சாட்சி நம் நாட்டின் கிழக்குக் கடலில் கிடக்கிறது.

1941 டிசம்பர் 10. குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரண்டு பெரும் ஆங்கிலக் கப்பல்களை எண்பதுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தாக்கின. எண்ணூற்று நாற்பது பேர் மாண்டனர். பத்து வாரங்களுக்குள் சிங்கப்பூர் வீழ்ந்தது; அதற்கு முன்பே ஜப்பானியர் நம் கெமாசையும் சிரம்பானையும் கடந்துவிட்டனர். பிறகு இத்தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர் இங்கும் இருப்பீர்கள். ஆகையால் குவாந்தானில் நடந்ததை அயலாரின் சரித்திரமாக நாம் கருத இயலாது.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அந்நாளில் உலகின் புதுமைமிக்க போர்க்கப்பல்களுள் ஒன்று. பதினான்கு அங்குலப் பீரங்கிகள் பத்து. பக்கங்களில் பதினைந்து அங்குலம் வரை தடிப்புள்ள எஃகுக் கவசம். அதே ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய பிஸ்மார்க்கோடு நடந்த போரில் அது பல குண்டடிகளைத் தாங்கிக்கொண்டு துறைமுகம் திரும்பியது. நீருக்கடியில் பாய்ந்து உள்ளே புகுந்த பெருங்குண்டொன்று வெடிக்காமலே கிடந்ததைத் துறைமுகத்தில் பழுது பார்க்கும்போதுதான் கண்டெடுத்தனர். அத்தகைய கப்பலை விமானத்திலிருந்து விட்ட சிறிய டார்பிடோக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கொன்றன. எப்படி?

அன்று முற்பகல் 11.44 மணியளவில் ஒரு டார்பிடோ இடப்பக்கத்துப் பின்கோடியில், வெளிப்புறச் சுழலியின் தண்டையொட்டி வெடித்தது. கப்பல் முழுவேகத்தில் சென்றுகொண்டிருந்தது. தாங்கி உடைந்து தண்டு வளைந்த பிறகும் சுழற்சி நிற்கவில்லை. தண்டு கப்பலின் நடுவிலுள்ள யந்திர அறை வரை நீண்டு செல்வது; ஒவ்வோர் அறைச் சுவரையும் அது கடக்குமிடத்தில் நீர் புகாதவாறு இறுக்கமான அடைப்பு உண்டு. வளைந்த தண்டு சுழன்றுகொண்டே அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகக் கிழித்தது. நீர் ஒரு துளை வழியாக வரவில்லை. கப்பலின் தண்டே அமைத்துக் கொடுத்த நீண்ட குகை வழியாக வந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 2,400 டன் நீர் புகுந்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. எட்டு டைனமோக்களில் ஐந்து நின்றன. மின்சாரம் அற்ற இடங்களில் நீரிறைக்கும் பொறிகளும் விளக்குகளும் காற்றோட்டமும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைத் திருப்பும் விசையும் நின்றன. வந்த விமானங்களில் மூன்றைத் தவிர மற்றவை திரும்பிப் போனது இதன் பின் வியப்பன்று. பிறகு வலப்பக்கத்தில் விழுந்த மூன்று டார்பிடோக்களும் ஒரு வெடிகுண்டும் முடிவைத் துரிதப்படுத்தின. பிற்பகல் 1.18 மணிக்கு அது கவிழ்ந்து மூழ்கியது. கவசம் முழுமையாக இருந்தது. பெரும் பீரங்கிகள் ஒரு கப்பலையும் அன்று சுட வாய்ப்பின்றி அப்படியே கடலடி சேர்ந்தன.

மறு ஆண்டு இங்கிலாந்தில் நீதிபதி பக்நில் தலைமையில் விசாரணைக் குழு கூடியது. சிதைவைக் காண வழியில்லை; உயிர் பிழைத்தோரின் வாக்குமூலமே ஆதாரம். இருட்டிலும் புகையிலும் நின்றவர்கள் உணர்ந்த அதிர்ச்சிகளைக் கொண்டு, இடப்பக்கத்தில் இன்னும் முன்னே தள்ளி மற்றோர் அடியும் விழுந்திருக்க வேண்டுமென்று அக்குழு முடிவு செய்தது. அதனால் கப்பலின் பக்கப் பாதுகாப்பு அமைப்பே பலவீனமானது என்னும் பழி, அதை வடிவமைத்தவர்கள்மேல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2007ஆம் ஆண்டில், ஏறக்குறைய எழுபது மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கும் அக்கப்பலில் இறங்கி ஆராய்ந்த மூழ்காளர்கள், குழு சொன்ன இடத்தில் டார்பிடோத் துளையைக் காணவில்லை. பின்கோடியில் தண்டுள்ள இடத்தில் கண்டனர். மொத்த டார்பிடோ அடிகள் நான்கே. பெரிய கப்பல் மூழ்கியதற்குப் பெரிய அடியைத்தான் தேட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து விடுபடுவது நீதிபதிகளுக்கும் எளிதாக இல்லை என்பது இங்கே வெளிப்படுகிறது.

இந்த ஆராய்ச்சியை இனியொரு முறை செய்ய முடியுமா என்பது ஐயம். குவாந்தான் கடலில் கிடக்கும் இவ்விரு சிதைவுகளையும் பழைய இரும்புக்காகக் கிழித்தெடுப்போர் பல ஆண்டுகளாக உலவி வருகின்றனர். 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஒரு சீனக் கப்பலை ஜொகூர்க் கடலில் தடுத்து வைத்தது; பழைய இரும்புக் குவியலோடு பழைய பீரங்கிக் குண்டுகளும் அகப்பட்டன. போர்க் கல்லறையைத் தோண்டும் பாவத்தைப் பற்றிப் பலர் பேசிவிட்டனர். சாட்சியத்தை அழிக்கும் குற்றமும் அதில் உண்டு என்பதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொரு கப்பலைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சபை என்னை மன்னிக்காது. ரஜூலாவை நீங்கள் அறிவீர்கள். 1926இல் கட்டப்பெற்று, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடி, நம்மவரைத் தட்டுத்தட்டாக ஏற்றி வந்தது அது. அதே ஆண்டில், அதே வழிக்காக, ரஜூலாவின் கம்பெனிக்காகவே கட்டப்பெற்ற உடன்பிறப்புக் கப்பல் ரோனா. ஏறத்தாழ ஐயாயிரம் பேரை மேல்தட்டிலும் இடைத்தட்டிலும் ஏற்றிச் செல்ல உரிமை பெற்றது. யுத்தத்தில் அதைப் படைக் கப்பலாக்கினர். 1943 நவம்பர் 26 மாலை, அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரோடு, பெரும்பாலும் இந்தியரான மாலுமிகள் இயக்க, அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, ஜெர்மானிய விமானமொன்று வானொலி அலையால் திசை திருப்பி இயக்கும் புதுவகை வெடிகுண்டொன்றை அதன்மேல் விட்டது. குறி தவறவில்லை. சதுரங்கப்பட்டினக் கடலில் பீரங்கியாளர்கள் ஆயிரம் உருண்டை வீசியும் எய்த முடியாததை, தொலைவிலிருந்து ஒரு சிறு கைப்பிடியை அசைத்தே ஒருவன் எய்தினான்.

ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பல்லாண்டுகள் அமெரிக்க அரசு அச்செய்தியை மறைத்து வைத்தது. ரோனாவை மூழ்கடித்தது குண்டு என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. அது பக்கத்தைப் பிளந்தது, தீ எழுந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் போயிற்று. ஆனால் வெடியில் இறந்தவர் சில நூறு பேரே. மற்றவர் அந்தி மயங்கிய பிறகு கொந்தளிக்கும் கடலில் இறந்தவர். உயிர்ப்படகுகளில் பலவற்றை இறக்க முடியவில்லை; தொங்கவிடும் கப்பிகளும் கயிறுகளும் துருவாலும் வண்ணப் பூச்சாலும் இறுகிப்போயிருந்தன என்று பிழைத்தோர் கூறினர். இறங்கிய சில படகுகளும் அளவுக்கு மீறிய கூட்டத்தால் கவிழ்ந்தன. ரஜூலா அந்த யுத்தத்தையும் கடந்து, மீண்டும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் திரும்பி, 1973 வரை அதே பெயரில் ஓடியது. ஆகவே அதில் வந்திறங்கியவர்களோ, அதில் ஊர் சென்று திரும்பியவர்களோ இந்த மண்டபத்தில் இன்றும் சிலர் இருப்பீர்கள். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்திருந்த அந்த ஏழெட்டு நாட்களில், தலைக்கு மேலே தொங்கிய உயிர்ப்படகுகளை யாரேனும் இறக்கி ஏற்றிப் பழகியதைப் பார்த்தீர்களா, கப்பிகளுக்கு எண்ணெய் இட்டிருந்ததா என்பது நினைவிருந்தால், கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்து சொல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன். அதை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேட்டோடு வந்திருக்கிறேன்.